ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு

பின்னால் உட்கார இடமில்லாத வண்டி அது. டென்னிஸ் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருந்தான். பழைய நீளச் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பந்தய வண்டிகளில் இருப்பதுபோல ஒற்றை ஆள் சீட்டு ஒன்றை, பின்பக்கம் சின்னத் திமிலோடு, மதுரையில் சொல்லிச் செய்து மாட்டினான். ஹேண்டில்பாரையும் தாழ்த்தினான். ஓட்டுகிறவர் பெட்ரோல் டேங்கின்மேல் கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டும்.

ஆகவே அந்த வீட்டில் கேள்வி ஒன்றுதான். அதில் உட்காருவது யார்?

மூன்று வருடம் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அண்ணன். வண்டி அவனுடையது, ஓட்டுகிறவனும் அவன். தங்கை ஜாஸ்பினுக்கு அதில் வருத்தம் உண்டு, பொறாமை கிடையாது. சொந்தக்காரன் அனுபவிக்கிறான், அவ்வளவுதான். மதினி வந்த பிறகுதான் பொறாமை என்றால் என்ன என்று அவள் தெரிந்துகொண்டாள்.

வண்டி கிடைத்தது அச்சங்குளத்தில். அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில், மருந்து இருக்கிற இடத்துக்குள் வண்டிகள் போகக்கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே கொட்டகை போட்டிருந்தார்கள். முதலாளி கார் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கொட்டகையிலேயே பதினோரு வருடம் நின்றது அவருடைய எண்பத்துநாலாம் வருடத்து ஆர்டி முன்னூற்றைம்பது மோட்டார் சைக்கிள். இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானில் யமஹாக்காரர்கள் பந்தயத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் போட்டு, கொஞ்சம் சாதுவாக்கி ரோட்டுக்கு அனுப்பிய எஞ்சின் என்று டென்னிஸ் சொல்வான். சாதுவாக்கியதை மறுபடியும் துஷ்டனாக்குவதுதான் அவன் வேலை. டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பார்த்துவிட்டு வந்து, மாலை முழுவதும் அதோடுதான் கிடப்பான்.

ஜாஸ்பினும் கிடந்தாள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மை சோதனை செய்யும் வேலை அவளுக்கு. நிறம் பார்ப்பதுதான் பிழைப்பு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்ப்பாள். தேன் நிறமென்றால் சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் குறைச்சல், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற ஜெட்டை எந்த நம்பரில் போட வேண்டும் என்று ஒன்பது நாள் குறித்துவைத்துச் சொன்னது அவள்தான். டென்னிஸ் போட்டுப் பார்த்தான். வண்டி முதல்முறையாகத் திக்காமல் போனது.

அன்றைக்கு அவள் கேட்டாள்.

"அண்ணே, நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டா?"

"கிக்கர் திருப்பி அடிச்சா ஒன் காலு தீக்குச்சி மாதிரி ஒடிஞ்சிரும் புள்ள. நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டிருச்சுன்னா கையில நிக்காது. ஒனக்கு ஸ்கூட்டி போதும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. ஒரு பொருளை இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

தை மாதம் டென்னிஸுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் பியூலா, மல்லாங்கிணறு, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம், டென்னிஸ் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்ய ஏழெட்டு மிதி மிதித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பியூலா சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க."

"ஏய், கால அடிச்சிரும்."

"எங்க அப்பா ஆர்எக்ஸ் வண்டிய ஓட்டிக்கிட்டுத்தான் நான் நர்சிங் படிக்கப் போனேன். தள்ளுங்கன்னா."

கிக்கரை முதலில் மெதுவாக அமுக்கி, இறுக்கம் வருகிற இடத்தைக் காலால் தேடினாள். பிறகு ஒரு மிதி. ஒரே மிதி. வண்டி பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க நீலப்புகை. அவள் ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

ஜாஸ்பின் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கோபமோ பயமோ அதில் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. பெருமை இருந்தது. பியூலா அவளைவிட மூன்று கிலோ குறைவு. ஆஸ்பத்திரி எடை மெஷினில் இருவரும் ஏறி நின்று சிரித்திருக்கிறார்கள். தீக்குச்சிக் கணக்கு அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாசி பிறப்பதற்குள் பியூலா அதிலேதான் டூட்டிக்குப் போனாள். டென்னிஸ் கம்பெனி வண்டியில் போனான். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி ஜாஸ்பின் தெருமுனை திரும்பும்போது, சில நாட்களில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும். அவள் ஒதுங்கி நிற்பாள். மதினி கையை ஆட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் யாரும் இல்லாதபோது ஜாஸ்பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். கறுத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தாள். மதினிக்கு ஓட்டத் தெரியவில்லை, ஆக்சிலேட்டரைத் திருகித் தள்ளுகிறாள் என்று பிளக் சொல்ல வேண்டும். அது தேன் நிறத்தில் இருந்தது. இத்தனை நாளில் அவ்வளவு நல்ல தேன் நிறத்தை அவள் பார்த்ததில்லை.

சித்திரையில் ஒருநாள் சாப்பிடும்போது டென்னிஸ் சொன்னான்.

"சூலை கடேசி ஞாயிறு மதுரையில பழைய வண்டிக்காரங்க எல்லாம் கூடுறாக. நம்ம வண்டிய பியூலா ஓட்டிட்டு வரட்டும். ஆர்டில பொம்பளப்புள்ள வந்து எறங்குனா ஊரே திரும்பிப் பாக்கும்."

"நல்லாத்தான் இருக்கு, பொண்டாட்டி முன்னால போக நீ பின்னால ஓடு" என்றார் அம்மா.

ஜாஸ்பின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜெட் நம்பரைச் சொன்னது யார் என்று யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது.

"டேங்கு வெறும் வெள்ளையா இருக்கே" என்றாள் பியூலா. "அந்தக் காலத்துப் பந்தய வண்டிக்கெல்லாம் செவப்புப் பட்ட போட்டிருப்பாகல்ல, நீங்க போன்ல காட்டுனீகளே. ஜாஸ்பின், ஒங்க பிரஸ்ல ஸ்டிக்கர் அடிப்பாகல்ல?"

"அடிப்பாங்க மதினி."

பியூலா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைத் தூக்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை விரலால் பிரித்துக் காட்டினாள். "இந்தச் செவப்பு. அச்சு அசலா இதே. டூட்டி லிஸ்ட்ல எனக்கு ஞாயிறு லீவு விழுந்தா இதப் பாத்தாலே மனசு குளுந்துரும்."

அந்தச் சிவப்பை ஜாஸ்பினுக்குத் தெரியும். பிரஸ்ஸில் இருக்கிற மைகளிலேயே ஏழை மை அது. தினசரிக் காலண்டரின் தாள் ஒருநாள் தாங்கினால் போதும். மற்ற நாளெல்லாம் அது மற்ற தாள்களுக்கு அடியில் இருட்டில் கிடக்கும். வெயிலைத் தாங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. மை சோதனையில் ஒரு வேலை உண்டு. அச்சடித்த பட்டையில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மாடியில் வெயிலில் வைப்பார்கள். எத்தனை நாளில் மூடாத பாதி வெளுக்கிறது என்று பார்த்து, ஒன்று முதல் எட்டு வரை மதிப்பெண். கடைகளின் போர்டுகளுக்கு அடிக்கிற சிவப்புக்கு ஏழு. ஞாயிற்றுக்கிழமைச் சிவப்புக்கு இரண்டு. இரண்டு டப்பாக்களும் ஒரே அலமாரியில், அடுத்தடுத்த தட்டில் இருந்தன.

"மதினி" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அளவு குறிச்சுக் குடுங்க."

இவ்வளவுதான் நடந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பல நாள் இதைத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிற பாலகுரு, ஒரு பட்டாசு லேபிள் ஆர்டர் முடிந்ததும் இரண்டு ஸ்டிக்கர் தாளை ஓட்டித் தந்தார். தருமுன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன பாப்பா, இது எங்கன ஒட்ட?"

"வண்டி டேங்குல."

"அட. இந்த மை வெயிலு தாங்காதே. ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும்ணே. கேட்டது இதத்தான்."

"கேட்டவுகளுக்குத் தெரியுமா?"

அவள் தாளைச் சுருட்டி ரப்பர் போட்டாள். பாலகுரு சிரித்தார். "அதுவும் சரிதான். நம்ம சிவகாசிச் சரக்குல ஒரு நாளுக்கு மேல தாங்குனா அது காலண்டரு, தாங்கலன்னா வெடி. யாரு கேரண்டி குடுத்தா?"

டென்னிஸும் பியூலாவும் சோப்புத்தண்ணீர் தெளித்து, துணியால் நீவி நீவி, டேங்கின் இரண்டு பக்கமும் பட்டையை ஒட்டினார்கள். வெள்ளையில் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே வண்டி ஓடுவதுபோல இருந்தது. பியூலா ஜாஸ்பினின் கன்னத்தைக் கிள்ளினாள். "ஒங்க வீட்டுலயே நீதான் கெட்டிக்காரி."

மிச்சமிருந்த துண்டில் ஜாஸ்பின் பாதியை அட்டையால் மூடி, பின்னால் தேதி எழுதி, வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சோதனை என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் கை கட்டிக்கொண்டு பார்த்திருக்கலாம்.

பதினெட்டாம் நாள் அட்டையைத் தூக்கினால் கோடு தெரிந்தது. இருபத்தைந்தாம் நாள் தூக்காமலே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வண்டியை எப்போதும் ஒரே இடத்தில்தான் நிறுத்துவாள் பியூலா, இடப்பக்கம் மேற்கைப் பார்த்து. வைகாசி வெயில் மத்தியானத்திலிருந்து அந்தப் பக்கத்தில்தான் விழும். முப்பத்தைந்தாம் நாள் இடது பட்டை, சப்பி எடுத்த மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. வலது பட்டை இன்னும் சிவந்து நின்றது.

அன்று மாலை டென்னிஸ் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தான்.

"வெயில்ல போடாத, வெயில்ல போடாதன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"அங்கன இருக்கிற நெழலு பூராம் டாக்டர் காருக்கு" என்றாள் பியூலா. "நான் வண்டியத் தலையிலயா தூக்கி வச்சுக்கிட்டு ஊசி போட?"

"மூணு வருசம் நான் வச்சிருந்தேன். ஒரு கீறல் உண்டா? நாலு மாசம் ஒன் கையில குடுத்தேன், பாரு. ஸ்டிக்கரே இப்படின்னா உள்ள எஞ்சின் என்ன கதியோ. அருமை தெரியாதவக கையில குடுத்தா இப்படித்தான்."

பியூலாவின் முகம் சுருங்கியது. எவ்வளவு கேலிக்கும் திருப்பிக் கொடுக்கிறவள், வண்டிச் சாவியை டேங்கின்மேல் வைத்தாள்.

டென்னிஸ் சாவியை எடுத்தான். தன் பையில் போட்டுக்கொள்வான் என்றுதான் ஜாஸ்பின் நினைத்தாள். அவன் நேரே வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இவகிட்ட இருக்கட்டும். வண்டிய வண்டியாப் பாத்தவ இவதான். மதுரைக்கும் இவளே ஓட்டட்டும்."

மூன்று வருடம் காத்திருந்த வாக்கியம். ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனாள், வீட்டில் யாரும் பார்க்கக்கூடாது என்று. முதல் மிதிக்குக் கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்காலில் விண்ணென்று வலி. ஒடியவில்லை. இறுக்கம் வருகிற இடத்தை மதினி காலால் தேடியது நினைவுக்கு வந்தது. அதேபோலத் தேடினாள். நான்காவது மிதியில் பிடித்தது.

சிவகாசி ரோட்டில் அந்த நேரத்துக்குப் பட்டாசு வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் மட்டும்தான். முதல் கியர், இரண்டாவது கியர், எல்லாம் ஸ்கூட்டி மாதிரிதான், கொஞ்சம் நடுக்கம் கூட. மூன்றாவது கியரில் முள் நாலாயிரத்தைத் தாண்டியது. சத்தம் மாறியது. அதுவரைக்கும் அடித்தொண்டையில் பேசிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று வீறிட்டது. ரோட்டோரக் கருவேல மரங்கள் எல்லாம் ஒரே பச்சைக் கோடாயின. அவள் வாய்விட்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பியூலா கூடத்தில் யூனிபார்ம் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டூட்டிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனாவது மிதி?"

"நாலு."

"பரவால்ல. எத்தனாவது கியர்ல தூக்குச்சு?"

"மூணாவதுல மதினி." ஜாஸ்பினால் அடக்க முடியவில்லை. "வண்டி முன்னால போயிருச்சு, நான் அங்கனயே நின்னுட்டேன். அப்படி இருந்துச்சு. வயிறு கூட அங்கனயே நின்னுருச்சு."

பியூலா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அதேதான். அப்பிடியேதான் இருக்கும். ஒங்க அண்ணன்கிட்ட சொன்னா ஆர்பிஎம் கணக்கு சொல்லுதாக. யாருகிட்டயாவது சொல்லணும்போல இருக்கும், சொல்ல ஆளு இருக்காது." பிறகு சிரிப்பு நின்றது. "சரி. நல்லா ஓட்டு. வெயில்ல மட்டும் போட்டுறாத."

அந்தக் கடைசி வார்த்தையில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ஜாஸ்பின் பேசாமல் உள்ளே போயிருப்பாள்.

"வெயில் இல்ல மதினி. மை."

"என்ன மை?"

"அந்தச் செவப்பு வெயில் தாங்காது. தாங்குற செவப்பு பக்கத்துலயே இருந்துச்சு."

பியூலா தேய்ப்புப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கோட்டை மடித்தாள். நர்ஸ்கள் விசாரிப்பதுபோல, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஒட்டுறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டு நாளுல போகும்னு?"

"நாப்பது நாள்னு நெனச்சேன். முப்பத்தஞ்சுலயே போயிருச்சு."

"எதுக்குச் சொல்லல?"

"நீங்க கேட்டது அதத்தான்..."

"ஏ புள்ள. நோயாளி கேட்டாகன்னு நான் தப்பான மருந்தக் குடுத்துட்டு, கேட்டது இதத்தான்னு சொல்ல முடியுமா? எதுக்குச் சொல்லல?"

ஜாஸ்பின் சாவியைப் பார்த்தாள். "நீங்க ஒரே மிதியில ஸ்டார்ட் பண்ணீங்க" என்றாள்.

பியூலா மடித்த கோட்டை நாற்காலியில் போட்டாள். பிறகு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. ஒங்க தங்கச்சி ஒண்ணு சொல்லணுமாம்."

டென்னிஸ் ஈரத்தலையோடு வந்தான். ஜாஸ்பின் மறுபடியும் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், நேற்றுப் பேசியதெல்லாம் அவன் முகத்தில் திரும்பி வந்தது. சாவிக்குக் கை நீட்டினான்.

"குடு. இனி ரெண்டு பேருமே தொட வேணாம்."

"அது எப்படி?" என்றாள் பியூலா. "தப்புப் பண்ணது அவ. விசாரிக்காமக் கத்துனது நீங்க. நான் என்ன பண்ணேன்?" ஜாஸ்பினின் விரல்களைப் பிரித்துச் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். "மதுரைக்கு நான் ஓட்டிட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வாங்க. அத்தையையும் கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து மதினி அவளோடு தேவையானதை மட்டும் பேசினாள். சோறு போடவா, துணி காயுது, கேஸ் தீந்துருச்சு. கன்னத்தைக் கிள்ளுவது நின்றுபோனது. ஜாஸ்பின் மன்னிப்புக் கேட்கவும் வழி தெரியாமல் பிரஸ்ஸில் மை கலக்கினாள். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பின் நிறம், போர்டுச் சிவப்பின் உடம்பு. ஏழு தடவை தவறி, எட்டாம் தடவை இரண்டும் ஒன்றாக வந்தது. மாடியில் இருபது நாள் வைத்தாள். அட்டையைத் தூக்கினால் கோடு இல்லை. பாலகுரு அச்சடித்துத் தந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள், சோதனைத் துண்டையும் சேர்த்து.

பியூலா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவளே தனியாக ஒட்டினாள். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. அவள் டூட்டிக்குக் கிளம்பக் குளிக்கப் போன பத்து நிமிடத்தில் ஜாஸ்பின் குனிந்து, டேங்கின் ஓரத்திலிருந்து ஓரம் வரை கண்ணை ஓட்டித் தேடினாள். ஒரே ஒரு காற்றுக்குமிழி கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை.

ஜூலை கடைசி ஞாயிறு, காலை ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் மதுரை பஸ் ஏறினார்கள். அம்மாவின் மடியில் சாப்பாட்டுக் கூடை. ஜாஸ்பின் ஜன்னலோரம், டென்னிஸ் நடுவில். பியூலா பின்னால் புறப்பட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். கள்ளிக்குடி தாண்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. பஸ்ஸின் டீசல் இரைச்சலுக்குள்ளும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. டேங்கின்மேல் கவிழ்ந்து, துப்பட்டாவைக் குறுக்கே கட்டி, வெள்ளையும் சிவப்புமாய் அவள் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய்ப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

டென்னிஸ் பாதி எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, உக்காருங்க, இங்கன ஸ்டாப்பு கெடையாது" என்றார் கண்டக்டர்.

"அஞ்சாவது கியர்ல போறா" என்றான் டென்னிஸ்.

"ஆறு" என்றாள் ஜாஸ்பின்.

அவன் உட்கார்ந்தான். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கழுத்தை நீட்டி, போய்விட்ட புகையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை ஜாஸ்பினுக்கு நன்றாகத் தெரியும். தையிலிருந்து தினமும் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த முகம்.

அவள் எழுந்து, ஜன்னலோரத்தை அவனுக்குக் கொடுத்தாள்.